களியக்காவிளை வரை ஓர் உறக்கம்

ஞானதாசன் பஹ்ரைனிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது ரீத்தாவின் உறக்கம் போய் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது.

கல்யாணம் கழிந்த சூட்டோடு மீன்பிடி விசாவில் போனவர் அவர். அப்புறம் வந்ததெல்லாம் லீவுக்குத்தான். மகள் ஷெர்லி பிறந்தது, நடை பழகியது, நர்சிங் முடித்தது, கட்டிக்கொடுத்து அயர்லாந்துக்குப் போனது எல்லாம் அந்த லீவுகளின் இடைவெளியில் நடந்து முடிந்துவிட்டன. குளச்சலில் கடலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மாடி வைத்த வீடு, முன்னறையில் தையல் மெஷின், சுற்றுவட்டத்துப் பெண்களின் பிளவுஸ்கள். இவ்வளவுதான் ரீத்தாவின் உலகம். என்றைக்காவது அவர் வந்துவிடுவார், இரண்டு பேருமாக ஒரே வீட்டில் வயசாகலாம் என்று நினைத்துக்கொண்டே அவள் ஐம்பத்தொன்றைத் தொட்டாள்.

மாதவிலக்கு நின்றதை அவள் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்தாள். உடம்பில் அந்தச் சூடு ஏற ஆரம்பித்தது அதற்குப் பிறகு. நன்றாகக் கண்ணயர்ந்து வரும் நேரம், நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டினதுபோல ஒன்று கிளம்பும். கழுத்து, காது மடல், பிடரி என்று ஏறும். நைட்டி நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஃபேனை முழுவேகத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தால் அந்த வேர்வையே குளிர ஆரம்பித்து நடுக்கும். போர்வையை இழுப்பாள். அதற்குள் உறக்கம் எங்கேயோ போயிருக்கும். அதன்பின் மனசு சும்மா கிடக்குமா? அயர்லாந்தில் மகள் சாப்பிட்டாளா, கேஸை மூடினோமா, செத்துப்போன அம்மாவிடம் கடைசியாக என்ன பேசினோம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோண்டி எடுத்துப் போடும். கோயில் மணி அடிக்கிறபோது கண்கள் மணல் போட்டதுபோல எரிந்துகொண்டிருக்கும்.

இதை யாரிடம் சொல்ல? "அம்மா, கண்ணுக்குக் கீழ கறுத்திருக்கே?" என்று வீடியோ காலில் ஷெர்லி கேட்டபோது, "தைக்க சோலி கூடுதல் மக்கா" என்று சொல்லிவிட்டாள். மகள் நர்ஸ்தான். ஆனாலும் இதெல்லாம் போனில் பேசுகிற காரியமா என்று ஒரு கூச்சம்.

ஞானதாசன் வந்த புதிதில் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. அவர் சாளைக் கருவாடு பொரிக்கச் சொல்லிக் கேட்டார், மரச்சீனிக் கிழங்கு கேட்டார், வந்து பார்க்கிறவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார். படகில் வேலை பார்த்த உடம்பு அவருக்கு. எங்கே தலை சாய்த்தாலும் உறங்கிவிடுவார். பக்கத்தில் ரீத்தா அசையாமல் கிடப்பாள். புரண்டால் எழுந்துவிடுவார், இத்தனை வருடம் உழைத்த மனுஷன் நிம்மதியாக உறங்கட்டும் என்று கட்டை மாதிரி கிடப்பாள்.

ஒரு நாள் அரை உறக்கத்தில் அவர் கையை எடுத்து அவள் தோள்மேல் போட்டார். சரியாக அந்த நேரத்தில்தான் சூடு ஏறிக்கொண்டிருந்தது. ரீத்தா சட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அவர் விழித்துப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்னொரு நாளும் அதுபோலவே நடந்தது. மூன்றாவது முறை நடக்கக்கூடாதென்று அவள் தலையணையை எடுத்துக்கொண்டு தையல் அறைக்குப் போய், வெறும் தரையில் சாய்ந்தாள். தரையின் குளிர்ச்சி முதுகுக்கு இதமாக இருந்தது. அதுமுதல் அதுவே அவள் இடமாகிவிட்டது.

அவள் நினைத்தது: அவருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஆச்சு.

அவர் நினைத்தது வேறு.

பகலில் ஞானதாசன் வீட்டில் இருப்பது குறைந்தது. விடிந்ததும் துறைமுகத்துக்குப் போனால் ஏலம் முடிந்து, வலை கட்டுகிறவர்களோடு உட்கார்ந்து, மத்தியானச் சோற்றுக்குத்தான் வருவார். சோறு போடும்போது, "மீன் நல்லாருக்கு" என்பார். "இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்பாள் அவள். விருந்துக்கு வந்தவரும் விருந்து வைப்பவரும்போல இரண்டு பேரும் அவ்வளவு மரியாதையாக இருந்தார்கள்.

பிறகு ஒரு மத்தியானம், கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார். "பழைய அரபி கூப்பிடுகான். விசா எடுத்துத் தாறானாம். போலாமான்னு யோசிக்கேன்."

ரீத்தா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "அறுவது வயசு ஆகப்போவுது ஒங்களுக்கு."

"இங்க இருந்து என்ன செய்யது? எனக்கு இங்க ஒரு சோலியும் இல்லல்லா."

இவரும் போகத்தான் பார்க்கிறார், ஊரில் பிடிப்பில்லை என்று அவள் நினைத்தாள். "ஒங்க இஷ்டம்" என்றாள்.

அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுவாளா என்று பார்த்து நின்ற ஞானதாசன், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்றைக்கு ரீத்தாவுக்கு மனசு தாங்கவில்லை. ஒரு நாளாவது உறங்கினால் போதும் என்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் மாமியாருக்கு வாங்கி வைத்திருந்த உறக்க மாத்திரையில் ஒன்றை, "நல்லதாக்கும், போட்டுட்டுக் கிடங்க" என்று கொடுத்தாள். ரீத்தா போட்டுக்கொண்டாள். உறக்கம் வந்தது. உறக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. யாரோ தலையில் சாக்கைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. விடிந்தும் அந்தச் சாக்கு விலகவில்லை. வாய் கசந்தது, கால் தரையில் பாவவில்லை.

அந்த நிலையில்தான் அவள் ஜெஸ்மியின் கல்யாண பிளவுஸை வெட்ட எடுத்தாள். ஜெஸ்மி அதே தெருப் பிள்ளை, சின்ன வயசில் கோயிலில் முதல் நன்மை வாங்கினபோது வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்ததிலிருந்து ரீத்தாவின் கைத்தையல்தான். வெண்பட்டுச் சேலையோடு வந்த துணி, அளவுக்கு மிஞ்சி ஒரு சாண் கிடையாது. எத்தனையோ ஆயிரம் தடவை வெட்டின கை என்பதால் ரீத்தா யோசிக்கவே இல்லை. துணியை மடித்துப் போட்டு வெட்டினால் பிளவுஸின் இடக்கையும் வலக்கையும் தானாக வந்திருக்கும். அவள் தனித்தனியாக, ஒரே பக்கமாக வைத்து வெட்டினாள். வெட்டி முடித்து, பக்கத்தில் பக்கத்தில் பரப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டும் இடக்கை.

புரட்டிப் பார்த்தாள், பட்டின் உள்பக்கம் வெளியே தெரிந்தது. மாற்றி வைத்துப் பார்த்தாள். மிச்சத் துணியைத் தேடினாள். கைக்குட்டை அளவுகூட இல்லை.

ஞானதாசன் வழக்கத்துக்கு முன்னாலேயே அன்று வீடு திரும்பினார். நகல் எடுக்கப் பாஸ்போர்ட்டை எடுத்துப்போக வந்தவர். தையல் அறையில் ரீத்தா தரையில் உட்கார்ந்து, மடியில் வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மாவின் அடக்கத்தன்றுகூட அப்படி வாய்விட்டு அழுததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

"ஏட்டி, என்னட்டி? யாருக்கு என்ன?"

"ரெண்டும் எடக்கை" என்றாள் அவள்.

"என்னது?"

"ரெண்டும் எடக்கையா வெட்டிப் போட்டேன். அந்தப் பிள்ளைக்கு கல்யாணத்துக்கு..." முடிக்க முடியவில்லை. "எனக்கு உறக்கம் இல்ல, ஷெர்லிக்கப்பா. ஒரு வருசமா உறக்கம் இல்ல. மண்டைக்குள்ள ஒண்ணும் நிக்கல்ல. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போவுது."

அவர் அப்படியே எதிரில் தரையில் உட்கார்ந்தார். "ஒரு வருசமாவா? நான் வாறதுக்கு முன்னயேவா?"

"ஆமா."

"நான் வந்ததுனால இல்லியா?"

ரீத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கேள்வி அவளுக்குப் புரியவில்லை.

ஞானதாசன் தரையைப் பார்த்துச் சொன்னார். "நீ தனியாட்டு இருந்து பழகிட்ட. இப்போ நான் வந்து கெடக்கது ஒனக்குப் பிடிக்கல்லன்னு நினைச்சேன். கையத் தட்டி விட்டியே. பெறவு தலையணையும் எடுத்துட்டுப் போயிட்ட. நான் என்ன நினைக்கட்டும்?"

"எனக்க கர்த்தரே" என்றாள் ரீத்தா. "தீ மாதிரி எரியும்போ யாரு கை பட்டாலும் தாங்காது. ஒங்க கையின்னு இல்ல. பச்சப்பிள்ள கை பட்டாலும் தட்டிதான் விடுவேன்." பிறகு கூச்சத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாதவிலக்கு நின்றது, சூடு ஏறுவது, நனைந்த நைட்டியை அவர் பார்க்காமல் மாற்றிக்கொண்டது, தரையில் படுத்தது, பக்கத்து வீட்டு மாத்திரை. "ஒங்களுக்க உறக்கம் கெடப்பிடாதுன்னுதான் இங்க வந்து கெடந்தேன்."

ஞானதாசன் அவள் மடியிலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார். "என்னை எழுப்பியிருக்கலாம்" என்றார். "நான் அங்க இருந்தப்போ ஒன்னால எழுப்ப ஒக்காது. இப்போ பக்கத்துலல்லா கெடக்கேன்."

மறுநாளே இரண்டு பேரும் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார்கள். ஷெர்லியிடம் அப்பாவே போனில் விஷயத்தைச் சொல்ல, அவள் முதலில் அம்மாவைக் கண்டபடி ஏசி, பிறகு அழுது, பிறகு விசாரித்து ஜெபகுமாரி என்ற பெண் டாக்டரின் பெயரைக் கொடுத்திருந்தாள். டாக்டருக்கும் ரீத்தாவின் வயசுதான் இருக்கும். ரீத்தா சொல்வதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிரஷர் பார்த்தார், உடம்பைச் சோதித்தார், குடும்பத்தில் யாருக்காவது மார்பில் கட்டி, ரத்தம் உறைகிற நோய் உண்டா என்று கேட்டார். தைராய்டுக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, "வெளியே இருக்கது ஒங்க வீட்டுக்காரர்தானே? அவரையும் கூப்பிடுங்க" என்றார்.

ஞானதாசன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் அறைக்குள் வருவதுபோல வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இது நோய் இல்ல" என்றார் டாக்டர். "உடம்பு ஒரு கட்டத்துல இருந்து இன்னொரு கட்டத்துக்குப் போகுது. ஆனா நோய் இல்லங்கதுக்காக எல்லாத்தையும் சகிச்சுட்டே கெடக்கணும்னும் இல்ல. இதுக்கு மருந்து உண்டு. ரத்த ரிசல்ட் வரட்டும், ஒங்களுக்கு எது சரியா வரும்னு பார்த்துத் தாறேன். அடுத்தவங்க மாத்திரையை மட்டும் இனி தொடாதீங்க."

மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியதையும் அவர் சொன்னார். சாயங்காலத்துக்கு மேல் தேயிலை குடிக்க வேண்டாம். உறக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே கிடந்து மல்லுக்கட்ட வேண்டாம், எழுந்து வேறு அறையில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது திரும்பினால் போதும். உறங்கினாலும் உறங்காவிட்டாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். பருத்தித் துணி, காற்றோட்டமான அறை. "எல்லாத்துக்கும் மேல, நாளைக்கு உறங்க மாட்டேனோன்னு இன்னைக்கே பயந்துட்டு இருக்கீங்கல்லா, அந்தப் பயம்தான் பாதி உறக்கத்தைத் தின்னுது" என்றார்.

"டாக்டர்" என்று இழுத்தார் ஞானதாசன். "நான் பக்கத்துல கெடக்கலாமா?"

ரீத்தாவுக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம்போல இருந்தது. டாக்டர் சிரிக்காமல், "அதை அவங்ககிட்ட கேளுங்க. தனியா ரெண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டாலும் பக்கம்தான்" என்றார்.

திரும்பும்போது கிடைத்தது குளச்சல் வழியாகக் கேரள எல்லையிலிருக்கிற களியக்காவிளைக்குப் போகிற வண்டி. ரீத்தாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மழை பெய்து ஓய்ந்த மத்தியானம். வாழைத் தோட்டங்களைத் தாண்டி வந்த காற்று முகத்தில் அடித்தது. வழியில் ஒரு தடவை சூடு கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே காற்று அதை வாங்கிக்கொண்டு போயிற்று. திங்கள்சந்தை வரை அவள் ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். அப்புறம் பேச்சு நின்றது. ஞானதாசன் திரும்பிப் பார்த்தார். அவள் தலை ஜன்னல் கம்பியில் இடித்து இடித்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாக அதைத் தன் தோளுக்கு மாற்றினார். அவள் எழவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. பச்சைப்பிள்ளை உறக்கம்.

குளச்சல் வந்தது. கண்டக்டர் இளைஞன். "கொளச்சல் எறங்குங்க! அண்ணாச்சி, நீங்க கொளச்சல்தானே?"

"ச்சூ" என்றார் ஞானதாசன். "பைய பேசும். அவ உறங்குகா."

"எழுப்பி எறங்குங்க அண்ணாச்சி."

"எழுப்ப மாட்டேன். களியக்காவிளைக்கு ரெண்டு டிக்கெட் தாரும்."

"களியக்காவிளையில என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல. அங்க வரைக்கும் இவ உறங்கட்டு." கண்டக்டர் விளங்காமல் நிற்பதைப் பார்த்து, "ஒரு வருசமாட்டு உறங்காதவளாக்கும் தம்பி" என்றார்.

கண்டக்டர் ரீத்தாவின் முகத்தைப் பார்த்தான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். வாசலுக்குப் போனவன் வாயில் வைத்த விசிலை எடுத்துவிட்டு, வண்டியின் தகரத்தில் கையால் இரண்டு தட்டுத் தட்டினான். அடுத்தடுத்த நிறுத்தங்களிலும் அப்படியே. முன் சீட்டில் போனில் பாட்டு வைத்திருந்த ஒருவரை, பக்கத்திலிருந்த அம்மா தொட்டு நிறுத்தச் சொன்னாள். கருங்கல், மார்த்தாண்டம், குழித்துறைப் பாலம். ஞானதாசனுக்குத் தோள் மரத்துப்போனது. அவர் அசையவில்லை.

களியக்காவிளையில் எஞ்சின் நின்ற அமைதியில்தான் ரீத்தா கண் விழித்தாள். வெளியே மலையாளப் போர்டுகள், லாரிகள், வாழைக்குலைகள். "இது எந்த எடம்?"

"களியக்காவிளை."

"களியக்காவிளையா? என்ன மனுஷன் நீங்க? எழுப்பப்பிடாதா?" என்று கோபமாக ஆரம்பித்தவள், அவர் இடது தோளை வலது கையால் பிடித்துக்கொண்டு முகம் சுளிப்பதைப் பார்த்தாள். சட்டைத் தோளில் அவள் வாயிலிருந்து வழிந்த ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இறங்கின பிறகும் சிரித்தாள். ரோட்டோரத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். கடைக்காரர்கள் பார்த்தார்கள்.

வந்ததுதான் வந்தோம் என்று துணிக்கடைகளில் ஏறி இறங்கினார்கள். ஜெஸ்மியின் துணிக்குச் சேருகிற பட்டு கிடைக்கவில்லை. ஆனால் ஒரு சின்னக் கடையில் பூவேலை செய்த வெள்ளை நெட் துணி இருந்தது. தெளிந்த தலையோடு பார்த்ததும் ரீத்தாவுக்கு வழி தோன்றியது. வீடு திரும்பி, வெட்டின பட்டுக் கைகளை ஒதுக்கிவிட்டு, முழங்கை வரை நெட்டில் கை வைத்தாள். ஜெஸ்மியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அந்தப் பிள்ளை முதலில் முகம் வாடினாள், போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

பஹ்ரைன் பேச்சு அதன்பின் வரவில்லை. ஞானதாசன் ஒரு வள்ளத்தில் பங்கு சேர்ந்தார், கூட்டாளிகளோடு பக்கத்துக் கடலுக்கு மட்டும் போய் வருவார். படுக்கை அறையில் இரண்டு கட்டில்கள் சேர்ந்து கிடந்தன. அவள் தலைக்கு நேரே ஒரு ஃபேன், அவருக்குக் கம்பளி. டாக்டர் கொடுத்த மாத்திரையில் சூடு மெல்ல மெல்லத் தணிந்தது. அதற்காக உறக்கம் பழையபடி ஓடி வந்துவிடவில்லை. சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாள் எழுந்து முன்னறையில் உட்கார்ந்து பட்டன்துளை தைப்பாள். முன்னைப் போலப் பயம் இல்லை. நாளைக்கு வரும் என்று தெரிந்திருந்தது. சில சமயம் அவரும் விழித்துக்கொண்டு, "வரணுமா?" என்று உள்ளேயிருந்து கேட்பார். "வேண்டாம், நீங்க உறங்குங்க" என்பாள். அடுத்த நிமிஷம் குறட்டை கேட்கும்.

கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்கு மணி அடித்தது. ரீத்தா எழவில்லை. டாக்டர் சொன்ன நேரம் தாண்டிவிட்டது என்று ஞானதாசனுக்குத் தெரியும். எழுப்பப் போனவர், அவள் கிடக்கிற கிடையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போனார்.

பூசை முடிந்து வாசலில் நின்ற பங்குச்சாமி, "ரீத்தா வரல்லியா?" என்று கேட்டார்.

"உறங்குகா, சாமி" என்றார் ஞானதாசன். பேரப்பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவரைப்போல இருந்தது அவர் முகம். அவள் உறக்கமில்லாமல் பட்ட பாட்டையும் சொன்னார், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

இரண்டாம் பூசைக்கு ரீத்தா அவசர அவசரமாகச் சேலை சுற்றிக்கொண்டு போனாள். படியேறும்போதே பங்குச்சாமி, "நல்லா உறங்கினியா ரீத்தா?" என்று நாலு பேர் கேட்கக் கேட்டார். வீட்டுக்குப் போய் அந்த மனுஷனை ஒரு வழி பண்ணுகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த, தெற்குத் தெருவில் மீன் விற்கிற பெண் ஒருத்தி, ரீத்தாவைவிட இரண்டு மூன்று வயசு இளையவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நெருங்கி வந்தாள். பிடரி வேர்த்திருந்தது.

"அக்கா, உறக்கம் இல்லாம இருந்தீங்களாமே. எனக்கும் ஆறேழு மாசமாட்டு அப்படித்தான். கேட்க ஆளில்லாம இருந்தேன்."

ரீத்தா கொஞ்சம் நகர்ந்து, ஃபேன் காற்று படுகிற இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள்.

"பூசை முடியட்டு. சேர்ந்து நடப்போம், எல்லாம் சொல்லுகேன்" என்றாள்.